‘டிரைவர் இல்லை’ என்னும் அவசரத் தீர்ப்பு

“லினக்ஸ்ல சவுண்டுக்கு டிரைவர் கிடையாதுங்க. விண்டோஸ் போட்டுட்டாச் சரியாப் போயிரும்.”

ஈரோட்டில் ஒரு சர்வீஸ் கடையில் என் அக்கா மகளுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் இது. லேப்டாப்பைத் திறந்தார்கள், ஒரு பாட்டை ஓடவிட்டார்கள், சத்தம் வரவில்லை, மூடிவிட்டார்கள். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. “ஃபார்மட் பண்ணக் குடுத்துடட்டுமா மாமா?” என்று கடை வாசலிலிருந்தே போன் செய்தாள். அவளுடைய இரண்டு செமஸ்டர் வேலை முழுவதும் அந்த லேப்டாப்பில் இருந்தது. “வேண்டாம் கண்ணு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. ராத்திரி பேசறேன்” என்றேன்.

கடைக்காரரைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவர் சொன்னது ஊரே சொல்வது. லினக்ஸைத் தொட்டே பார்க்காதவரும் சொல்வார், பத்து வருடம் புழங்கியவரும் சொல்வார்: லினக்ஸில் ஒலி என்பது அதிர்ஷ்டம், வந்தால் வரும், வராவிட்டால் டிரைவர் இல்லை, மறுபடி இன்ஸ்டால் செய்து பார், அப்போதும் வராவிட்டால் விட்டுவிடு. புழங்கியவர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார்கள். ஓஎஸ்எஸ், அல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று ஒலி அமைப்புகளை அடுக்குமேல் அடுக்காகக் கட்டியதால்தான் எல்லாம் பாழாய்ப் போயிற்று என்பார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். ஒலி வரவில்லை என்று என்னிடம் வந்த கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் டிரைவர் இருந்தது. கர்னலில் ஏறியும் இருந்தது. தன் வேலையைச் செய்யப்போய் எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதையும் எழுதி வைத்திருந்தது. அதை எடுத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அன்று ராத்திரி அவள் டெர்மினலைத் திறந்தாள். ஒலி அமைப்புப் பக்கத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் காட்டுவதாகச் சொன்னாள். மேலே இருக்கும் ஒலிச் சேவை தனக்குக் கீழே ஒரு சவுண்ட் கார்டுகூடக் கிடைக்காதபோது பேருக்கு வைத்துக்கொள்ளும் வெற்று வாசல் அது. அப்படியானால் கோளாறு மேலே இல்லை, கீழே. கர்னல் தன் நாட்குறிப்பைப் போல எழுதிக்கொண்டே போகும் பதிவை, டிமெஸ்ஜி என்ற கமாண்டில், பார்க்கச் சொன்னேன். ஆடியோ என்ற சொல் வரும் வரிகளை மட்டும் வடிகட்டி வாசித்தாள். நான்காவதோ ஐந்தாவதோ வரியில் இருந்தது: ஒரு ஃபர்ம்வேர் கோப்பின் பெயர், அதை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி, கழித்தல் 2 என்ற பிழை எண். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் 2 என்ற பிழைக்கு ஒரே பொருள்தான். அப்படியொரு கோப்பு இல்லை.

டிரைவர் இருந்தது. சில்லை அடையாளம் கண்டது. அந்தச் சில்லுக்குத் தேவையான கோப்பைப் பெயர் சொல்லித் தேடியது. வட்டில் அது இல்லாததால் அதையும் சொல்லிவிட்டு நின்றது. ஒரு பொதியை நிறுவி, மறுபடி பூட் செய்து, அவள் ஒரு பாட்டைப் போட்டாள். போனில் எனக்கே கேட்டது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கோப்பையும் அழிக்கவில்லை.

‘டிரைவர் இல்லை’ என்பது கேட்க எளிய வாக்கியம். ஆனால் அதற்குள் ஒரு பெரிய தீர்ப்பு இருக்கிறது: இந்த இயந்திரத்தில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது. சொல்வதற்கு முன்னால் ஒரு கமாண்ட் அடித்துப் பார்த்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

ஃபர்ம்வேர் கோப்பு ஏன் தனியாக வருகிறது என்பதற்குப் பொதுவெளியில் பதிவான பின்னணி உண்டு. 2019-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த பல இன்டெல் லேப்டாப்களில் உள் மைக், பழைய கோடெக் சில்லை விட்டுவிட்டு, சிப்செட்டுக்குள் இருக்கும் ஒலிச் செயலியோடு நேராக இணைக்கப்பட்டது. அந்தச் செயலிக்குத் தனி நிரல் வேண்டும்; அது ஏறாவிட்டால் மைக் மட்டுமல்ல, முழுக் கார்டுமே எழாது. அதற்காகத்தான் 2018-இல் ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. நிரல் திறந்த மூலம்தான். ஆனால் பல போர்டுகள் இன்டெல்லின் கையொப்பம் உள்ள வடிவத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே அது தனிப் பொதியாக வந்தது. டெபியன் போன்ற கொள்கைப் பிடிப்புள்ள திட்டங்களில் அது கட்டற்றதல்லாத பகுதியில் போய் உட்கார்ந்தது. அத்தகைய ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்க்கலாம் என்று டெபியன் உறுப்பினர்கள் 2022 அக்டோபரில் வாக்களித்து முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட வருடங்களில் புது லேப்டாப் வாங்கி ஊமை ஸ்பீக்கரோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, டிரைவர் கர்னலோடு வந்துவிட்டது, கோப்பு மட்டும் வாசலில் நிற்கிறது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஃபர்ம்வேரைவிட அதிகமான பேரைத் தவிக்கவிட்ட இன்னொரு காரணம் உண்டு. அதைப் பற்றி வெளியே பேச்சே இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2004-இல் இன்டெல் ‘ஹை டெஃபனிஷன் ஆடியோ’ என்ற தரத்தை வெளியிட்டது. சுருக்கமாக எச்டிஏ. அதற்கு முன்னிருந்த ஏசி’97 தரத்தை அது ஓரங்கட்டியது. அதன்பின் வந்த மேசைக் கணினி, லேப்டாப் பெரும்பாலானவற்றில் ஒலி எச்டிஏ வழியேதான் போகிறது. லினக்ஸில் இதற்கான முதன்மைக் கட்டுப்படுத்தி டிரைவர் ஒன்றுதான். இன்டெல், ஏஎம்டி, என்விடியா மூன்றின் கட்டுப்படுத்திகளையும் அதுவே நடத்துகிறது. அந்தக் கட்டுப்படுத்தியின் மறுமுனையில் கோடெக் என்ற சில்லு. ரியல்டெக், கோனெக்ஸண்ட் போன்றவர்கள் செய்வது. எண்களாக வரும் ஒலியை மின்னலையாக மாற்றித் தன் கால்கள் வழியே வெளியே அனுப்பும். அந்தக் கால்களைப் பின் என்கிறோம்.

எந்தக் கால் ஸ்பீக்கருக்குப் போகிறது, எது ஹெட்போன் துளைக்கு, எது எங்குமே போகவில்லை என்பது சில்லைச் செய்தவருக்குத் தெரியாது. மதர்போர்டில் தடம் வரைந்தவருக்குத்தான் தெரியும். அதனால் எச்டிஏ தரம் ஒவ்வொரு காலுக்கும் 32 பிட் அளவில் ஒரு குறிப்பேட்டை ஒதுக்கியிருக்கிறது. இது வெளித்துளையா, உள்ளே பொருத்திய ஸ்பீக்கரா, காலியா, முன்பக்கமா, பின்பக்கமா, பச்சைத் துளையா, ரோஸ் நிறத் துளையா என்பதுவரை அதில் எழுதலாம். கணினி எழும்பும்போது பயாஸ் அதை நிரப்ப வேண்டும். நிரப்பியதைக் கர்னல் நம்பும்.

போர்டு செய்தவர் அதைச் சரியாக நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும்? உள் ஸ்பீக்கர் மாட்டியிருக்கும் காலில் ‘எதுவும் இணைக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தால், கர்னல் அந்தக் காலுக்கு ஒலியை அனுப்பாது. அனுப்பாமல் இருப்பதுதான் சரி. கதவிலக்கத்தைத் தப்பாக எழுதி மாட்டிய வீட்டுக்குக் கடிதம் வந்து சேராவிட்டால் தபால்காரரையா நோவது?

விண்டோஸில் மட்டும் வருகிறதே என்று கேட்பார்கள். வரும். அந்த லேப்டாப்புக்கென்று உற்பத்தியாளர் தருகிற விண்டோஸ் டிரைவர் பொட்டலத்திலேயே திருத்தம் சேர்ந்திருக்கும். பயாஸில் இருக்கும் பிழை விண்டோஸில் யார் கண்ணிலும் படாது. படாததால் அதைத் திருத்தவேண்டிய அவசியமும் உற்பத்தியாளருக்கு இல்லை. அந்தத் திருத்தத்தை ஒரு பக்கக் குறிப்பாகக்கூட அவர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. விளைவு என்ன? சூஸே நிறுவனத்தில் பணிபுரியும் தகாஷி இவாய் போன்ற அல்சா பராமரிப்பாளர்கள் இருபது ஆண்டுகளாக, பயனர்கள் அனுப்பும் அறிக்கைகளைப் படித்து, மாடல் மாடலாகத் திருத்தங்களைச் சேர்க்கிறார்கள். ரியல்டெக் கோடெக்குகளுக்கான ஒரே கோப்பு பத்தாயிரம் வரிகளைத் தாண்டி வளர்ந்தது. அதில் பெரும்பகுதி டிரைவரின் மூளையே இல்லை. இன்ன எண்ணுள்ள லேப்டாப் வந்தால் இன்ன காலில் ஸ்பீக்கர் இருப்பதாக எடுத்துக்கொள் என்ற பட்டியல். பிறர் விட்ட பிழைகளின் பேரேடு அது. அதைச் சுமப்பவர்களைப் பார்த்து ‘லினக்ஸ் ஆட்களுக்கு டிரைவர் எழுதத் தெரியவில்லை’ என்பதை என் மனம் பொறுக்கவில்லை.

இந்தக் கால்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க ‘எச்டிஏ ஜாக் ரீடாஸ்க்’ என்ற சிறு கருவியே இருக்கிறது. நிரல் எழுதத் தெரிய வேண்டாம். காலைத் தேர்ந்தெடுத்து ‘உள் ஸ்பீக்கர்’ என்று மாற்றி, பொருத்திப் பார்த்து, வராவிட்டால் அடுத்த கால்.

மைக்கில் நேரும் ஒரு விசித்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘டிரைவர் சரியில்லை’ என்ற பேச்சு எவ்வளவு தூரம் கண்ணைக் கட்டும் என்பதை இது காட்டுகிறது. சில லேப்டாப்களில் இருந்தது ஒரே மைக். ஆனால் அதன் ஒலி இடம், வலம் என இரண்டு தடங்களில் வந்தது. இரண்டாவது தடத்தில் அலை தலைகீழாக. ஒன்றில் மேடு இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். தனித்தனியே கேட்டால் இரண்டும் தெளிவாகக் கேட்கும். தொலைபேசும் செயலிகள் இரண்டையும் கூட்டி ஒன்றாக்கும். மேடும் பள்ளமும் கூடினால் சுழியம். பதிவு செய்தால் குரல் இருக்கிறது, அழைப்பில் பேசினால் அமைதி. இதை அனுபவித்தவர்கள் எத்தனை முறை இன்ஸ்டால் செய்திருப்பார்கள்! ஒரு தடத்தின் ஒலியளவை மட்டும் முழுக்கக் குறைத்தால் போதும், அழைப்பில் குரல் வந்துவிடும். உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தவர்கள் அதை ‘தலைகீழ் மைக்’ என்று பெயரிட்டே கர்னலில் சேர்த்தார்கள். காது கொடுத்துக் கேட்டு, அலையை வரைந்து பார்த்து எட்டிய முடிவு.

அடுக்குகள் பற்றிய வாதம் இதைவிடப் பழையது. அதைச் சொல்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்பதால் பதிலும் விவரமாக இருக்க வேண்டும்.

லினக்ஸின் முதல் ஒலி டிரைவரை 1992-இல் எழுதியவர் பின்லாந்தின் ஹன்னு சவோலைனென். சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்காகத் தொடங்கிய அதுதான் ஓஎஸ்எஸ் ஆக வளர்ந்தது. அதன் அழகு எளிமை. ஒலிக்கருவி என்பது ஒரு கோப்பு. அதில் எழுதினால் ஒலி, படித்தால் பதிவு. யூனிக்ஸ் மரபுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்று அதை நேசிப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த நாட்களைப் புழங்கியவர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். ஒரு செயலி பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த செயலிக்கு ‘கருவி வேலையில் இருக்கிறது’ என்ற பதில்தான். கார்டே பல ஒலிகளைக் கலக்கும் திறன் கொண்டிருந்தால் தப்பித்தோம். மலிவு கார்டுகளில் அது இல்லை. அதனால்தான் கேடிஇ டெஸ்க்டாப் ஒரு ஒலிச் சேவையையும், அதன் போட்டி டெஸ்க்டாப் இன்னொன்றையும் மேலே ஏற்றின. அடுக்கு அப்போதே வந்துவிட்டது, ஒழுங்கில்லாமல்.

யாரோஸ்லாவ் கிசெலா தன் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்காக எழுதத் தொடங்கியதிலிருந்து 1998-இல் அல்சா பிறந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் அது ஓஎஸ்எஸ்ஸின் இடத்தைப் பிடித்தது. லென்னார்ட் பேட்டரிங் முதலில் வேறு பெயரில் தொடங்கிய பல்ஸ்ஆடியோ 2007 நவம்பரில் ஃபெடோரா 8-க்கும், 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04-க்கும் இயல்பான ஒலிச் சேவையானது. அந்த ஆண்டுகளில்தான் ‘பல்ஸ்ஆடியோவைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற மந்திரம் பிறந்தது. அது பல இடங்களில் பலித்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உபுண்டுவில் அதைப் பொருத்திய விதமே அரைகுறையாக இருந்தது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

ஏன் பலித்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒலியை அனுப்பும் செயலி, கார்டு இப்போது எந்த இடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது என்று டிரைவரிடம் கேட்க வேண்டும். பழைய செயலிகள் இதைத் தோராயமாகத் தெரிந்துகொண்டு ஓட்டிவிட்டன. பல்ஸ்ஆடியோ 2008-இல் கொண்டுவந்த புதிய முறை, நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டு, தேவைப்படும்போது மட்டும் கணினியை எழுப்பி மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பார்த்தது. அதற்கு டிரைவர் சொல்லும் இடம் உண்மையாக இருக்க வேண்டும். பல டிரைவர்கள் தப்பான இடத்தைச் சொல்லின. சில, ஒலியளவின் டெசிபல் எல்லைகளையே தப்பாகச் சொல்லின. இத்தனை வருடமாக யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டதால் பல்ஸ்ஆடியோவில் ஒலி விட்டுவிட்டு வந்தது. அதைத் தூக்கியவர்களுக்கு ஒலி திரும்பியது. பிழை டிரைவரிலேயே கிடந்தது. தூக்காமல் அறிக்கை அனுப்பியவர்களால்தான் அந்த டிரைவர்கள் திருந்தின. அதன் பயனைத் தூக்கியவர்களும் சேர்ந்து அனுபவித்தார்கள்.

யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கலாம், நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஓஎஸ்எஸ் வழிமுறையே தொடர்கிறது, ஒலிகளைக் கர்னலுக்குள்ளேயே கலக்கிறார்கள், நன்றாகவே நடக்கிறது. ஆனால் அங்கும் புளூடூத் ஹெட்போன் மாட்டவேண்டி வந்தபோது ‘விர்ச்சுவல் ஓஎஸ்எஸ்’ என்ற சேவையைக் கர்னலுக்கு வெளியே ஓட்ட வேண்டியிருந்தது. எளிமைக்குப் பேர்போன ஓப்பன்பிஎஸ்டியிலும் பல செயலிகளின் ஒலியைக் கலப்பது ‘எஸ்என்டிஐஓ’ சேவைதான். யூஎஸ்பி மைக்கை நடுவில் பிடுங்கினால் ஒலியை வேறு பக்கம் திருப்புவதும், ஒரு செயலியின் சத்தத்தை மட்டும் குறைப்பதும் யாராவது ஒருவர் செய்தாக வேண்டிய வேலை. அந்த வேலையின் பெயர்தான் அடுக்கு. விண்டோஸும் விஸ்டாவில் தன் ஒலி அமைப்பின் பெரும்பகுதியைக் கர்னலுக்கு வெளியே கொண்டுபோனது. அன்று கார்டின் நேரடி வசதியை நம்பியிருந்த விளையாட்டுகள் பல அந்த வசதியை இழந்தன. அதை யாரும் ‘விண்டோஸில் சவுண்ட் அதிர்ஷ்டம்’ என்று வழக்காக்கவில்லை.

விம் டெய்மன்ஸ் தொடங்கிய பைப்வயர், 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34-இல் பல்ஸ்ஆடியோவின் இடத்தை எடுத்துக்கொண்டபோது, பழைய செயலிகள் எதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கவில்லை. மேலே பேசும் மொழியை அப்படியே வைத்துக்கொண்டு கீழே ஆளை மாற்றினார்கள். அடுக்காக இருந்ததால் முடிந்தது.

கோளாறு பார்ப்பவனுக்கு அடுக்கைப்போல உதவி வேறில்லை. மேலேயிருந்து ஒலி வரவில்லையா? கீழ் அடுக்கிடம் நேராகக் கேட்கலாம். ஏபிளே என்ற கமாண்ட் கர்னலுக்குத் தெரிந்த கார்டுகளின் பட்டியலைத் தரும். ‘ஸ்பீக்கர் டெஸ்ட்’ குறிப்பிட்ட கார்டுக்கு நேரடியாக இரைச்சலை அனுப்பும். அங்கே சத்தம் வந்துவிட்டால் டிரைவர், கோடெக், கால், ஸ்பீக்கர் நான்கும் குற்றமற்றவை. மேலே தேட வேண்டும். வராவிட்டால் மேலே தொடவே வேண்டாம். ‘அல்சா மிக்சர்’ திரையில் ஒரு தூணின் அடியில் இரண்டு ‘எம்’ எழுத்து தெரிந்தால் அது மியூட். ‘எம்’ விசையை ஒருமுறை தட்டினால் திறந்துவிடும். அல்சா தொடக்கத்தில் எல்லாத் தடங்களையும் மூடியே வைத்திருந்ததும் நம் காதையும் ஸ்பீக்கரையும் காக்கத்தான். 2013-ஐ ஒட்டி வந்த இயந்திரங்களில் எச்டிஎம்ஐ ஒலி தனிக் கார்டாகப் பிரிந்து முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. பழைய அமைப்புள்ள செயலிகள் இல்லாத டிவிக்கு மும்முரமாகப் பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கர் சும்மா இருந்தது. ஆறாவது ஃபங்ஷன் விசையில் அடுத்த கார்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இத்தனையும் இருக்க, மறுபடி இன்ஸ்டால் செய் என்கிறார்கள். அது பயாஸில் ஒரு எழுத்தையும் மாற்றாது. அதே கர்னல் அதே கால்களை அதே விதமாகத்தான் படிக்கும். அப்படியும் சிலருக்கு ஒலி வந்துவிடுகிறது, அதனால்தான் இந்த நம்பிக்கை சாகவில்லை. அவர்களில் பலருக்கு நடந்தது வேறு. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், விண்டோஸிலிருந்து நேராக ரீஸ்டார்ட் செய்து வந்தால், சில கோடெக்குகள் அது விட்டுப்போன நிலையிலேயே முடங்கிக் கிடக்கும். மின்சாரம் முழுதும் அற்றுப்போகும்படி அணைத்துப் போட்டால் தெளியும். இன்ஸ்டால் செய்யும் சாக்கில் கணினி ஒருமுறை முழுக்க அணைகிறது, மிக்சரின் பழைய மியூட் நிலையும் அழிகிறது. புகழ் இன்ஸ்டாலுக்குப் போய்விடுகிறது. சான்றுகளோ வட்டோடு சேர்ந்து துடைக்கப்பட்டுவிடுகின்றன.

வேறொருவர் கணினிக்குப் பலித்த ஒரு வரியை எடுத்து நம் கணினியின் அமைப்புக் கோப்பில் ஒட்டுவது இதைவிட மோசம். டிரைவருக்கு மாடல் பெயரைக் கட்டாயப்படுத்தும் அந்த வரி, நம் லேப்டாப்பை இன்னொரு லேப்டாப்பாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறது. அன்று வேலை செய்யாவிட்டால் மறந்துபோவோம். இரண்டு வருடம் கழித்துக் கர்னலில் சரியான திருத்தம் வந்திருக்கும். ஒட்டிய வரி அதைத் தடுத்துக்கொண்டிருக்கும். “அப்டேட் செய்தும் வரவில்லை, லினக்ஸ் அப்படித்தான்” என்ற தீர்ப்புக்கு இன்னொரு சாட்சி சேரும்.

அமைதியே சரியான விடையாக இருக்கும் இடங்களும் உண்டு. ஆப்பிளின் புதிய சில்லு உள்ள மேக்புக்குகளுக்கு லினக்ஸ் கொண்டுவந்த அசாஹி திட்டத்தார், டிரைவர் தயாராகியும் ஸ்பீக்கரைப் பயனர்களுக்கு நெடுநாள் திறந்துவிடவில்லை. அந்தச் சிறு ஸ்பீக்கர்களை அளவுக்கு மீறி ஓட்டினால் சுருள் கருகிவிடும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, சுருளின் வெப்பத்தைக் கணித்து, தேவையானால் ஒலியைக் குறைக்கும் ஒரு காவல் நிரலை எழுதி முடித்த பிறகே திறந்தார்கள். அந்தக் காவல் இல்லாவிட்டால் ஒலியளவு ஏறாதபடி கர்னலிலும் பூட்டு வைத்தார்கள். அதேபோல் ஓப்பன்பிஎஸ்டி 2018-இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து மைக் பதிவை இயல்பாகவே அணைத்து வைத்தது. பதிவு செய்தால் வெறும் அமைதி பதிவாகும். பயனர் தானே திறந்துவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் முடிவு அது. அதையும் ‘மைக் டிரைவர் வேலை செய்யவில்லை’ என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்வாதங்களில் எனக்கு மதிப்பு இருப்பது ஒன்றே ஒன்று. சாதாரண மனிதர் இதையெல்லாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? பாட்டுக் கேட்க ஒரு கல்லூரி மாணவி கர்னல் பதிவைப் படிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவள் வாங்கிய பொருள் எடுத்த எடுப்பிலேயே பேசியிருக்க வேண்டும். ‘டம்மி அவுட்புட்’ என்று காட்டும் இடத்தில் ‘இன்ன ஃபர்ம்வேர் கோப்பு இல்லை’ என்று காட்ட டெஸ்க்டாப் செய்பவர்களால் முடியும். கீழே எழுதப்பட்டிருக்கும் வரியை மேலே கொண்டுவந்தால் போதும். அதைச் செய்யாதது குறைதான், நானே பலமுறை நொந்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதற்கு அடுத்ததாகச் சொல்லும் தீர்வு, அவளைக் காசு கொடுத்து வட்டைத் துடைக்கச் சொல்வது. சாதாரண மனிதருக்குத் தெரிந்துகொள்ளும் சுமை வேண்டாம் என்று தொடங்கி, இழப்பின் சுமையை அவர் தலையிலேயே வைக்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவர் கடையில் உட்கார்ந்திருப்பவர். அவருக்குத் தேவைப்பட்டது நான்கு கமாண்ட்.

டிரைவர் சேர்க்கப்பட்டும் ஒலி வராத லேப்டாப்கள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அண்மைக்காலத்தில் பல மெல்லிய லேப்டாப்கள், கோடெக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தனி ஆம்ப்ளிஃபயர் சில்லு வைத்து வருகின்றன. சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்35எல்41 அவற்றில் ஒன்று. அதற்கான டிரைவரைச் சிரஸ் பொறியாளர்களே லினக்ஸுக்கு எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சில்லு போர்டில் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது, எது இடம், எது வலம் என்பதை உற்பத்தியாளர், பயாஸ் கர்னலுக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணையில் எழுதியிருக்க வேண்டும். சில மாடல்களில் எழுதவில்லை. டிரைவர் தைரியமாக ஊகிக்கக் கூடாது; தப்பாக ஊகித்தால் ஸ்பீக்கர் போய்விடும். அப்படிப்பட்ட மாடல்கள் ஒவ்வொன்றாகக் கர்னலுக்குள் கையால் எழுதிச் சேர்க்கப்படுகின்றன.

என் நண்பர் ஒருவரிடம் அப்படியொரு லேப்டாப் இருக்கிறது. ஹெட்போனில் பாடும், ஸ்பீக்கரில் பாடாது. நான்கு கடை ஏறி இறங்கி, மூன்று முறை இன்ஸ்டால் செய்துவிட்டு என்னிடம் வந்தார். பதிவைப் படித்ததும் ஆம்ப்ளிஃபயர் டிரைவர் விட்டுச் சென்ற வரி கிடைத்தது: தேவையான விவரம் அட்டவணையில் இல்லை. என்னாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. ‘அல்சா இன்ஃபோ’ என்ற ஸ்கிரிப்டை ஓட்டினோம்; கார்டு, கோடெக், ஒவ்வொரு காலின் நிலை, மிக்சர் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திரட்டித் தரும். அதோடு ஏசிபிஐ அட்டவணையையும், அந்த மாடலின் அடையாள எண்ணையும் சேர்த்துப் பிழை அறிக்கையாக அனுப்பினார். உற்பத்தியாளரின் சேவை மையத்துக்கும் அதே கோப்பை அனுப்பி, இடம் வலம் எந்தச் சில்லு என்ற ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார். லேப்டாப் இன்னும் ஹெட்போனில்தான் பாடுகிறது. அதே மாடலை வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேர் அந்த அறிக்கையின் கீழே தங்கள் அட்டவணையையும் சேர்த்திருக்கிறார்கள்.